பெட்டியில் 3000 லிட்டர், வாளியில் 1000: பெரிய மீன் தொட்டிக்கு ஃபில்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இந்த அளவில் தொட்டி வைப்பவர்கள் கண்ணாடியின் தடிமனைப் பற்றியும் ஸ்டாண்டின் பலத்தைப் பற்றியும் பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். ஃபில்டர் என்று வந்ததும் கடைக்காரர் எடுத்து நீட்டுவதே கைக்கு வரும். என்னை ஏமாற்றியது அந்த இடத்தில்தான். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே கேட்ட அதே பேச்சு வேறு கடைகளிலும் நடக்கிறது. அந்தப் பேச்சைத்தான் நீங்கள் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளிம்புவரை நிரப்பினால் அந்தத் தொட்டியில் ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 600 என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே விடப்போவது நான்கு ஆஸ்கார் மீன்கள் என்பதைக் கடையில் முதலிலேயே சொல்லியிருந்தேன். வளர்ந்தால் ஓர் அடி வரும், வயிறு நிறையத் தின்று அதே கணக்கில் கழிவும் போடும் மீன் அது. எனக்குச் சம்ப் வைக்கத்தான் விருப்பம்; தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்து, தண்ணீரை அங்கே சுத்தம் செய்து பம்ப்பால் மேலே ஏற்றும் ஏற்பாடு அது. கடைக்காரர் சிரித்தார். “கரண்ட் போனால் வீடெல்லாம் தண்ணீர் சார். இந்தக் கேனிஸ்டர் ஒன்று போதும், மணிக்கு 3000 லிட்டர், யூவி விளக்கும் உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் மாற்றவே வேண்டாம். நாளைக்கே மீனை விடலாம்” என்றார். கேனிஸ்டர் என்பது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர். 600 லிட்டர் தண்ணீர் மணிக்கு நான்கு முதல் ஆறு முறை ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்பது தொட்டி வைப்பவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. 3000 என்றால் ஐந்து முறை. காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இதில் இன்னொரு சலுகையும் சேர்த்தார்: பழைய ஃபில்டரைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்களாம். பொருத்த வந்த ஆள் சிறிய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரை ஸ்பாஞ்சோடு கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மொத்தக் கதையிலும் பெரிய அநியாயம் இதுதான் என்பேன். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அந்த அழுக்கு ஸ்பாஞ்சில்தான் குடியிருந்தன. புதிய ஃபில்டரில் அவை தாமாகப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பழைய ஸ்பாஞ்சைப் புதிய ஃபில்டருக்குள் திணித்திருந்தால் அந்தக் காத்திருப்பு பெருமளவு மிச்சமாகியிருக்கும். மீன் விற்றே பிழைப்பவருக்கு இது தெரியாது என்றால் நம்ப முடியவில்லை.

மீன்களை விட்ட பிறகு தண்ணீர் பளிங்கு போல இருந்தது. யூவி விளக்கின் கைங்கர்யம் அது. தண்ணீரைப் பச்சையாக்கும் பாசியை அது அடக்கும். அம்மோனியாவை அது தொடக்கூடத் தொடாது. தெளிந்த தண்ணீருக்கு நடுவிலேயே மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் சிவந்தன. கடைக்குப் போன் செய்தால், “உங்கள் வீட்டுத் தண்ணீர் சரியில்லை, தொற்று வந்திருக்கிறது” என்று நீல மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். மெத்திலீன் நீலம் அது. அந்த மருந்து ஃபில்டரில் தப்பித் தவறி முளைத்திருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொல்லும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மீன் செத்தது. இன்னொரு மருந்து வந்தது. இன்னொரு மீனும் போனது.

மருந்து விற்றவர்கள் யாரும் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லவில்லை. சோதனைக் குப்பியை நானே வெளியில் வாங்கிப் பார்த்தேன். அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையானது. என் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8. அதே அளவு அம்மோனியா பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு நச்சாக இருக்கும். சூடு கூடினால் இன்னும் மோசம். குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றினேன். நண்பர் தன் தொட்டியில் வெகு காலமாக ஓடும் ஸ்பாஞ்ச் ஒன்றைக் கொடுத்தார். மிச்சம் இரண்டு மீன்கள் பிழைத்தது அதனால்தான்.

அதன் பிறகு கேனிஸ்டரைத் திறந்தேன். இந்த மாடலில் தண்ணீர் அடித்தட்டில் நுழைந்து மேலே ஏறும். அப்படியென்றால் அடியில் முரட்டு ஸ்பாஞ்ச், நடுவில் செராமிக் வளையங்கள், கடைசியில் மெல்லிய பஞ்சு என்று இருக்க வேண்டும். கடையாள் அடித்தட்டிலேயே மெல்லிய பஞ்சை அழுத்தி அடைத்திருந்தார்; அது சகதியாகி அடைத்துக்கொண்டிருந்தது. மேல்தட்டில் வளையங்கள் ஒரு கைப்பிடி தேறினால் அதிகம். நடுத்தட்டில் கார்பன் பை. அதைக் கையில் எடுத்தபோது வழவழவென்று இருந்தது. விளக்கடியில் திருப்பிப் பார்த்தால், தொழிற்சாலையில் சூடு வைத்து ஒட்டிய பிளாஸ்டிக் உறை நான்கு ஓரமும் பிரியாமல் அப்படியே இருக்கிறது. உள்ளே கார்பன் தூள் உலர்ந்து சலசலத்தது. அத்தனை நாளும் தண்ணீர் அந்த உறையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஒரே ஆறுதல், உறையைப் பிரித்திருந்தால் அவர்கள் விற்ற மருந்தையெல்லாம் கார்பன் உறிஞ்சி வீணாக்கியிருக்கும்.

எல்லாவற்றையும் சரியாக அடுக்கிய பிறகு ஓட்டத்தை அளந்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு வாளியும் கடிகாரமும் போதும். தண்ணீர் திரும்பி வரும் குழாயின் நுனியை எடுத்து, தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே, வழக்கமாக அது இருக்கும் உயரத்திலேயே பிடித்து வாளியில் விட வேண்டும். நுனியைத் தரைக்கு இறக்கினால் தண்ணீர் தன் எடையாலேயே வேகமாக இறங்கி, பம்ப்பைப் பலசாலியாகக் காட்டிவிடும். 20 லிட்டர் வாளி நிரம்ப 72 விநாடி ஆனது. கணக்குப் போட்டால் மணிக்கு 1000 லிட்டர். பஞ்சு புதிதாக, வளையங்கள் சுத்தமாக இருக்கும்போதே இவ்வளவுதான். தொட்டித் தண்ணீர் மணிக்கு இரண்டு முறைகூட முழுதாகப் போய்வரவில்லை.

பெட்டியில் அச்சடித்த 3000 என்பது பெரும்பாலும் உள்ளே எதையும் அடைக்காமல், தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல், பம்ப் வெறுமனே தள்ளும் அளவு. பஞ்சு, வளையம், குழாயின் நீளம், வளைவுகள், ஏற்ற வேண்டிய உயரம் என ஒவ்வொன்றும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அந்த எண்ணில் ஓரளவு குறையும் என்பது இயல்பு. மூன்றில் ஒரு பங்காகும் பொருளைப் பெரிய தொட்டிக்கு என்று விற்பது மோசடி. இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, தட்டுகளில் எத்தனை லிட்டர் வளையங்கள் பிடிக்கும் என்பதை. கழிவை மாற்றும் வேலை அங்கேதான் நடக்கிறது. பெட்டிகள் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவதே இல்லை.

சம்ப் பற்றிச் சொன்ன பயமுறுத்தலும் பாதி உண்மைதான். மின்சாரம் நின்றால் தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும். அந்த அளவுக்குச் சம்ப்பில் காலியிடம் விட்டு, திரும்பி ஏறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால், காற்று உள்ளே நுழைந்து இறக்கம் நின்றுவிடும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கக் குழாயில் வைக்கும் வால்வை மட்டும் நம்பக் கூடாது. ஒரு நத்தை சிக்கினாலே அது மூடாது. செய்து தருபவரை உங்கள் கண்முன் பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். கேனிஸ்டருக்கு மின்வெட்டில் வேறு ஆபத்து உண்டு, அதைக் கடைக்காரர் வாயே திறக்கவில்லை. மூடிய டப்பாவுக்குள் நுண்ணுயிர்கள் பிராணவாயுவைத் தீர்த்துவிடும். பல மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் போகும். நீண்ட மின்வெட்டு என்றால் திறந்து, உள்ளே இருப்பதைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மீண்டும் ஓட விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் மிச்சத்தை முடித்துவிடும்.

அளவை, உறை பிரியாத கார்பன் பை, சோதனைக் குப்பியின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வாரண்டி மோட்டாருக்கு மட்டும்தானாம், மோட்டார் ஓடுகிறதாம். கூடுதல் பணம் கொடுத்தால் பெட்டியில் 5000 என்று போட்ட மாடலை மாற்றித் தருவதாகச் சொன்னார். தட்டுகளை நிரப்பி இங்கேயே ஒரு வாளியில் ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். விற்பதற்கு முன் பெட்டியைப் பிரிக்க மாட்டார்களாம்.

நீங்கள் வாங்கும்போது பில்லில் தொட்டியின் கொள்ளளவையும் மீனின் வகையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் பில்லில் மாடல் எண் மட்டும்தான் இருந்தது. எழுத்தில் புகார் கொடுத்தபோது, சின்னத் தொட்டிக்கு என்று கேட்டதால்தான் அதைக் கொடுத்தோம் என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள்.