சேன்-தெனி கண் மருத்துவ நிலையம்: மருத்துவர் நல்லவர், ராந்தேவுதான் கிடைப்பதில்லை

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவின் தலைநகரான சேன்-தெனியில், அம்மாவின் கண்களைக் காட்டுவதற்காக நாங்கள் சென்றுவரும் ஒரு தனியார் கண் மருத்துவ நிலையத்தைப் பற்றிய மதிப்புரை இது. நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லிவிட்டு, அடுத்த முறையும் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு அதே வரவேற்பு மேசையின் முன்னால் போய் நிற்க வேண்டியவன் நான். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்து இங்கே தங்கிவிட்ட எங்களைப் போன்ற சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களில், மருத்துவரிடம் வாங்கும் நேரத்துக்கு ராந்தேவு என்றுதான் பெயர். ‘அப்பாயின்மெண்ட்’ என்று சொன்னால், “எப்பப்பா மெட்ராஸ்காரன் ஆன?” என்று அம்மா கேட்பார்.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. சர்க்கரை நோய் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தீவில் அது அரிய செய்தியல்ல. பிரான்ஸ் பெருநிலத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் இங்கே சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். கோயில் அன்னதானப் பந்தியில் பாயசத்தை வேண்டாம் என்று கையால் மறைப்பவர்களை எண்ணினாலே அது புரியும். சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அரிக்கத் தொடங்கும்போது வலியும் இருக்காது, பார்வையும் உடனே குறையாது. குறைந்த பிறகு கண்டுபிடித்தால் சிகிச்சையில் மீட்டெடுக்கக்கூடியது கொஞ்சம்தான். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துவிட வேண்டும் என்று எங்கள் குடும்ப மருத்துவர் விடாமல் வற்புறுத்துபவர். 2024 செப்டம்பரில் அவர் கடிதம் எழுதிக் கொடுத்த அன்று மாலையே நான் ராந்தேவு தேடத் தொடங்கினேன்.

தொலைபேசியில் அழைத்தால் பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று, அவசரம் என்றால் 15-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மற்றவர்களை இணையத்தில் பதிவு செய்துகொள்ளுமாறு பணிக்கிறது. அதையும் மீறிக் காத்திருந்தால் பியானோ இசை கேட்கிறது. பதினோராவது நிமிடத்தில் அது தானாகவே துண்டித்துக்கொள்ளும் என்பதை மூன்று நாள் அனுபவத்தில் அறிந்துகொண்டேன். இணையத்துக்குப் போனால் முதலில் வருகைக்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். உண்மையில் அந்த ஒரு பட்டியலில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ‘முதல் வருகை’ என்று அழுத்தினால், இம்மருத்துவர்கள் புதிய நோயாளிகளை ஏற்பதில்லை என்று வருகிறது. ‘தொடர் பரிசோதனை’ என்றால் ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் வருகிறது. ‘கண்ணாடி மாற்ற’ என்று அழுத்தினாலோ, மூன்றே வாரத்தில் வரிசையாக நேரங்கள் நீல நிறத்தில் ஒளிர்கின்றன.

இந்தக் கடைசி வழியைப் பலர் பயன்படுத்திப் பார்க்கிறார்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. கண்ணாடிக்கான அந்த நேரங்கள் பெரும்பாலும் ஆர்த்தோப்டிஸ்ட் எனப்படும் கண் பரிசோதகர்களுடையவை. அந்த நேரங்களில் பார்வையின் அளவை எடுப்பதோடு அவர்கள் வேலை முடிகிறது. எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் அப்படிப் பதிந்துகொண்டு போய், விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும், அதற்குத் தனி ராந்தேவு வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டார். அதனால் நான் நேர்வழியிலேயே போய், அம்மாவுக்குக் கிடைத்த முதல் நாளை எடுத்துக்கொண்டேன். அது 28 பிப்ரவரி 2025, வெள்ளிக்கிழமை, காலை 9 மணி. “ஜிப்மர்ல விடியறதுக்கு முன்னால போயி வரிசையில நின்னா மத்தியானத்துக்குள்ள பாத்துட்டு வந்துடலாமே, இங்க ஏன் அடுத்த வருஷம்?” என்று அம்மா கேட்டார். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வரிசையில் நின்று கால் வீங்கியதை அவர் மறந்துவிட்டார் என்பது வேறு, கேள்வி நியாயமானதுதான்.

இடையில் நேரம் ஏதேனும் காலியானால் கைபேசிக்குச் செய்தி அனுப்புவோம் என்ற வசதியையும் அழுத்தி வைத்திருந்தேன். ஐந்து மாதத்தில் நான்கு முறை செய்தி வந்தது. நான்கு முறையும் நான் திறந்து பார்ப்பதற்குள் வேறொருவர் எடுத்துவிட்டிருந்தார். அலுவலகத்தில் கைபேசியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடியவர்களுக்குத்தான் அந்த வசதி பயன்படும். பிரெஞ்சில் வரும் செய்தியை மகன் வீடு திரும்பிய பிறகு படிக்கச் சொல்லிக் கேட்கும் மூதாட்டிகளுக்கு அது பயன்படாது.

பிப்ரவரி 28 வந்தது. கராங்ஸ் புயலும் அன்றைக்குத்தான் வந்தது. முதல் நாள் மாலையே சிவப்பு எச்சரிக்கை. வெள்ளி காலை அதை ஊதா எச்சரிக்கையாக உயர்த்தினார்கள், அதாவது மீட்புப் பணியாளர்கள்கூட வெளியே வரக் கூடாது என்ற நிலை. தீவின் கிழக்கே சேன்-ஆந்த்ரேயில் எங்கள் வீட்டுக் கூரையின் ஒரு தகடு பிய்ந்து அடுத்த வீட்டு லிச்சி மரத்தில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ராந்தேவைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. ஆனால் கணினி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி இணைப்பு திரும்பியதும் வந்து விழுந்த செய்திகளில் ஒன்று, ‘நீங்கள் உங்கள் ராந்தேவுக்கு வரவில்லை’ என்றது. பிரெஞ்சுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வராமலிருப்பதை ‘முயல் வைப்பது’ என்பார்கள். தீவு முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளில், அந்த நிலையமும் பூட்டியிருந்த நாளில், என் அம்மா முயல் வைத்தவராகப் பதிவாகிவிட்டார்.

என் குறை தொடங்குவது இந்த இடத்திலிருந்துதான். அடுத்த புதன்கிழமை எப்படியோ தொலைபேசியில் ஒருவர் கிடைத்தார். தீவின் பேச்சுமொழியான கிரியோல் கலந்த இனிமையான பேச்சு. முயல் குறிப்பை உடனே அழித்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் அன்று தவறிய நோயாளிகளுக்கு மாற்று நாள் ஏதும் ஒதுக்கப்படவில்லையா என்று கேட்டதற்கு, எல்லாரும் இணையத்தில் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்றார். புதிதாக என்றால் வரிசையின் கடைசியில் என்று பொருள். இணையம் காட்டிய முதல் நாள் 2 செப்டம்பர் 2025. ஐந்து மாதம் காத்திருந்ததற்கு அந்தக் கணினியில் எந்தக் கணக்கும் இல்லை. அன்று காலை முதன்முறையாகப் பதிவு செய்பவரும், செப்டம்பரிலிருந்து காத்திருக்கும் சர்க்கரை நோயாளியும் அதற்கு ஒருவரே.

மருத்துவர் பற்றாக்குறைக்காக நான் இந்த நிலையத்தைக் குறை சொல்லவில்லை. அது பாரிசில் தொடங்கிய கதை. 1971-இல் சட்டம் போட்டு, மருத்துவப் படிப்பில் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள்; செலவு குறையும் என்ற கணக்கில் அதைக் குறைத்துக்கொண்டே வந்து 1993-இல் 3,500 வரை இறக்கினார்கள். அப்போது இடம் கிடைக்காதவர்களைத்தான் இப்போது நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது என்றாலும், ஒரு கண் மருத்துவர் உருவாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஆள் குறைவு என்றால் காத்திருக்கத்தான் வேண்டும், காத்திருக்கிறேன். ஆனால் நின்ற இடத்தையாவது காப்பாற்றித் தர வேண்டாமா? ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும், பிப்ரவரி 28-ஆம் தேதிக்குரிய பக்கத்தைப் பார்த்து வரிசையாக அழைத்திருக்கலாம். புயல் காலம் ஒவ்வோர் ஆண்டும் வரும் தீவில் அதற்கு ஒரு முறை இல்லாமலிருப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்களைக் காப்பாற்றியவர் குடும்ப மருத்துவர். அவர் தம்முடைய பகல் உணவு நேரத்தில், மருத்துவர்களுக்கென்று உள்ள தனி எண்ணில் நிலையத்தை அழைத்து, நோயின் காலத்தையும் கடைசி இரத்தப் பரிசோதனை முடிவையும் சொல்லி, 24 ஏப்ரலுக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். அப்படியானால் இடம் இருந்திருக்கிறது. நமக்குத்தான் அது காட்டப்படவில்லை. உங்களுக்கும் இத்தகைய நிலை வந்தால் கணினியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுக் குடும்ப மருத்துவரைப் பேசச் சொல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. ஆனால் திடீரெனப் பார்வை மங்கினாலோ, கண்ணுக்குள் மின்னல் கீற்றுகள் தெரிந்தாலோ, திரை இறங்கினாற்போல் நிழல் விழுந்தாலோ ராந்தேவே தேட வேண்டாம். 15-ஐ அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஏப்ரல் 24 அன்று, எட்டரை மணி ராந்தேவுக்காக ஆறு மணிக்கே கிளம்பினோம். கிழக்கிலிருந்து தலைநகருக்குப் போகும் காலை நெரிசலை அறிந்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அம்மா தம் மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தாலைப் பழைய நகைக்கடைப் பர்சுக்குள் வைத்து, பர்சை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். ஒன்பது ஐம்பதுக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு நடந்தவற்றில் ஒரு குறையும் இல்லை. பரிசோதகர் கண் அழுத்தத்தையும் பார்வையையும் அளந்துவிட்டுச் சொட்டு மருந்து விட்டார். கண் பாப்பா விரிவதற்காக அரை மணி நேரம் இருட்டறையில் அமர்ந்திருந்தபோது, அம்மா தம் உள்ளங்கையை முகத்தருகே கொண்டுவந்து, ரேகை தெரியவில்லை என்று சிரித்தார். பிறகு விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுத்தார்கள். மருத்துவர் எங்களுக்குக் கொடுத்தது ஏழு நிமிடம்தான். ஆனால் அந்த ஏழு நிமிடத்தில் திரையைத் திருப்பி வைத்து, இடது கண்ணில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அம்மா தலையாட்டிய பிறகே அடுத்ததற்குப் போனார். ஆரம்ப நிலைதான், இப்போதைக்கு லேசரும் ஊசியும் வேண்டாம், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் மறுபடி வர வேண்டும் என்றார். நீடித்த நோய்க்கான முழுக் காப்பீடு இருப்பதால் பணம் எதுவும் கட்டவில்லை.

மருத்துவத்துக்கு ஐந்துக்கு ஐந்து. ராந்தேவு முறைக்கு ஐந்துக்கு ஒன்று; அந்த ஒன்றும் முயல் குறிப்பை அழித்த பெண்ணுக்காக.

வெளியே வந்து வரவேற்பு மேசையில், ஆறு மாதம் கழித்து அக்டோபரில் ஒரு நாள் வேண்டும் என்று கேட்டேன். அக்டோபர் அட்டவணை இன்னும் திறக்கப்படவில்லை, ஜூன் மாதம் இணையத்தில் பாருங்கள் என்றார்கள். ஜூனில் எந்த நாள் என்று கேட்டதற்கு, அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார்கள். சொட்டு மருந்தின் கூச்சத்தால் கண்களை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற அம்மா, “நாள் குடுத்துட்டாங்களா?” என்று கேட்டார். ஜூன் மாதம் முழுவதும் காலை ஏழு மணிக்கு அடிக்குமாறு கைபேசியில் மணி வைத்துவிட்டு, குடுத்துடுவாங்கம்மா என்றேன்.