பள்ளத்துத் தண்ணீரை வடிப்பதா, விடுவதா?

நுவரெலியா மாவட்டத்துப் பட்டிப்பொல, அம்பேவல பக்கத்துப் பத்தனையில் (மலைப் புல்வெளியில்) மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஐம்பது அடி இறங்கினாலே புல் மூன்று தரம் மாறிவிடும். மேட்டில் முழங்கால் உயரத்துக்குக் கொத்துக் கொத்தாய்க் கிரைசோபோகன், அருண்டினெல்லா. சரிவு முடியும் ஈரத்தில் கார்னோசியா. அடிப்பள்ளத்தில் ஜங்கஸ் கோரை, பொத்தான் போல வெள்ளைப் பூ வைக்கும் எரியோகோலன், சேற்றுக்குள் பூச்சி பிடிக்கும் யூட்ரிகுலேரியா. மூன்றிலும் பெய்தது ஒரே மழை. மண்ணுக்குள் தண்ணீர் எத்தனை அங்குலத்தில், எத்தனை மாதம் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஊவா பக்கம் கதை வேறு. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெலிமடை, பண்டாரவளை பக்கம் காய்ந்த கச்சான் காற்றாக இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மண் வறண்டுவிடும். அதனால் அங்கே மானாப்புல்லும் தெமேடாவும்தான். அங்கே எடுபட்ட யோசனையை அம்பேவலப் பள்ளத்தில் செய்யப் போனால் காசுதான் வீண்.

பள்ளத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன் நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். ஒன்றரை அங்குலப் பிவிசி குழாய் நான்கடி வேண்டும். கீழ் மூன்றடியில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துளை போட்டு, பழைய சேலைத் துணி சுற்றி, மூன்றரை அடி குழிக்குள் இறக்குங்கள். மேலே அரையடி நீட்டிக்கொண்டிருக்கட்டும். கழுத்தைச் சுற்றிக் களிமண் வைத்து மிதித்து, வாயை மூடிவிடுங்கள். களிமண் வைக்காவிட்டால் மழைநீர் குழாயோரமாக வழிந்து உள்ளே இறங்கும், அளவு பொய்யாகிவிடும். குழி தோண்டிய அன்று அளக்கக் கூடாது, ஒரு நாள் விட்டு அளக்க வேண்டும். குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டு, அது நனைந்த இடத்திலிருந்து குழாய் வாய்வரை அளந்து, வெளியே நீட்டிய அரையடியைக் கழியுங்கள். வாரம் ஒரு தரம், பெப்ரவரி வரட்சியையும் சேர்த்து, ஒரு வருஷம் எழுதி வைத்தால் போதும்.

முதல் வழி, இரண்டரை மூன்றடி ஆழக் கான் (வடிகால்) வெட்டி நேப்பியர் தீவனப்புல்லோ உருளைக்கிழங்கோ போடுவது. முதல் வருஷம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கறுப்பு மண்ணில் பாதி மக்காத வேரும் தழையும். தண்ணீர் நின்றவரை காற்றுப் படாமல் கிடந்தது, கான் வெட்டியதும் மக்கத் தொடங்கும். நிலம் அமுங்கும், கான் ஆழம் குறையும், மறுபடி வெட்ட வேண்டும். ஒரு தரம் நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்த மண் தண்ணீரையே ஏற்காது. கையில் ஒரு கட்டி எடுத்துச் சொட்டு விட்டால் சேம்பிலையில் போல உருளும். அடுத்தது உறைபனி. குளிர்காற்று இரவில் பள்ளத்தில்தான் தேங்கும். ஈரமண் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொஞ்சம் விடும், காய்ந்த தழைமண் விடாது. எனவே ஜனவரிப் பனியில் கிழங்குச் செடி முதலில் கருகுவது வடித்த பள்ளத்தில்தான். நேப்பியரும் பனியில் கருகும், அடைமழையில் வேர் அழுகும். ஹோர்ட்டன் சமவெளியில் 1960, 70களில் விதை உருளைக்கிழங்கு போட்டுக் கைவிட்ட இடங்களில் இப்போது மரைகள் மேயும் குட்டைப் புல்தான், பழைய கொத்துப்புல் திரும்பவில்லை. (1988 முதல் அது தேசியப் பூங்கா. இங்கே சொல்வதெல்லாம் வெளிநிலத்துக்கு.)

டர்ப்பன்டைன் (யூகலிப்டஸ்) மரம் வைத்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று சிலர் சொல்வார்கள். உறிஞ்சும்தான், கீழே தோட்டத்து லயத்துக் குடியிருப்புப் பீலியில் வருகிற தண்ணீரையும் சேர்த்து.

இரண்டாவது வழி, அப்படியே விட்டு ஓரத்தில் மட்டும் புல் அறுப்பது. நடுப்பள்ளத்துக் கோரையை மாடு தொடாது. அதன் இலையை விரலிடையில் உருவிப் பாருங்கள், உள்ளே தடுப்புத் தடுப்பாய் முடிச்சு நெருடும். அந்த அறைகளிலுள்ள காற்றுதான் வேருக்கு இறங்குகிறது. வேரைப் பிடுங்கினால் சுற்றிலும் துருநிறம் படிந்திருக்கும், வேரிலிருந்து கசிந்த காற்று மண்ணின் இரும்பைத் துருவாக்கிய தடம். இந்த வசதி இல்லாத புல் அங்கே பிழைக்காது. கானில் எண்ணெய் போல மினுங்கும் படலத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம். குச்சியால் குத்தினால் சில்லுச் சில்லாய் உடைந்தால் அது இரும்பு பாக்டீரியா. திரும்ப ஒன்று சேர்ந்தால்தான் எண்ணெய். ஆனால் நத்தை உள்ள தேங்குநீரில் மாட்டை மேய விடாதீர்கள், ஈரல் தட்டைப்புழு அங்கேதான் ஒட்டும்.

மூன்றாவது வழி, பள்ளத்தைத் தொடாமல், சரிவு முடியுமிடத்தில் சமமட்டமாக ஓரடி ஆழத்துக்குள் ஒரு கான் மட்டும் வெட்டி, அதற்கு மேலே செட்டாரியா நடுவது. ஈரத்தையும் குளிரையும் தாங்குகிற தீவனப்புல் அதுதான். மாட்டுக்காரருக்கு எங்கள் தேர்வு இதுவே.

கணக்கு இப்படி: வருஷத்தில் மூன்று மாதத்துக்கு மேல் நீர்மட்டம் நிலத்திலிருந்து அரையடிக்குள் நின்றால் தொடாதீர்கள். மழை விட்டு மூன்று நாளில் ஒன்றரை அடிக்குக் கீழ் இறங்கினால் செட்டாரியா தாராளமாக வரும். இடைப்பட்ட இடத்தில் ஓரக்கான்.

ஏற்கெனவே ஆழக்கான் வெட்டிக் கெட்டுப்போன பள்ளமா? அதே இடத்துப் புல்கட்டியை வெட்டி, கானுக்கு இருபுறமும் ஓரடி உள்ளே போகும்படி அடைப்புப் போடுங்கள். கானின் தரை முக்கால் அடி இறங்கும் இடந்தோறும் ஓர் அடைப்பு. மேல்மட்டம் நிலத்தைவிட நான்கு விரல் உயரமாக இருக்கட்டும், தண்ணீர் பக்கவாட்டில் பரவ வேண்டும். பெரும்பாலான அடைப்பு உடைவது நடுவில் அல்ல, ஓரத்தில், கரைக்குள் போதிய அளவு ஊன்றாததால்தான். ஒக்டோபர் மழைக்கு முன் ஓரங்களை மிதித்து இறுக்கிவிடுங்கள். முதலில் திரும்பி வருவது ஜங்கஸ். கொத்துப்புல் வரப் பல வருஷம் ஆகும்.