விமான சிக்னல் ஆன்டெனா: நான்கு மழைக்காலம் பார்த்த பிறகு

மேலே பறக்கும் விமானங்கள் அனுப்பும் சிக்னலை வீட்டிலிருந்தே பிடித்து, அவற்றை வரைபடத்தில் பார்ப்பது என் பொழுதுபோக்கு. ஜன்னலோரத்தில் ஒரு தகரத்தட்டின் மேல் ரிசீவரோடு வந்த குட்டி ஆன்டெனாவை நிற்கவைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் என்கிற யுஎஸ்பி ரேடியோ ரிசீவர், ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கணினி, சிக்னலைப் பிரித்துப் படிக்க ரீட்எஸ்பி, வரைபடத்துக்கு டார்1090 என்று இரண்டு மென்பொருள், அவ்வளவுதான். முதல் நாள் பன்னிரண்டு விமானம் தெரிந்தது, அன்றைக்கே தூக்கம் போய்விட்டது. இப்போது நான்கு வருடம் ஆகிறது. நடுவில் மூன்று ஆன்டெனா, இரண்டு ஆம்ப்ளிஃபையர், கணக்கில்லாத கனெக்டர்கள் மாறிவிட்டன. எது உண்மையிலேயே பலன் தந்தது, எது வெறும் ஆசைக்கு வாங்கியது என்று இப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

பலன் என்று பார்த்தால் முதலிடம் ஆன்டெனா வைக்கும் இடத்துக்குத்தான். விமானங்கள் தங்கள் இருப்பிடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் 1090 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகின்றன, அந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும், நடுவில் கான்கிரீட் சுவர் நின்றால் அந்தத் திசையே இருட்டு. அதே குட்டி ஆன்டெனாவை மாடிக்குக் கொண்டுபோய் வைத்தபோது கிடைத்த முன்னேற்றம் அதற்குப் பிறகு வாங்கிய எந்தச் சாமானிலும் கிடைக்கவில்லை. ஆனால் உயரத்தையும் ரொம்பப் பெரிதாக நினைக்க வேண்டாம். 35,000 அடியில் பறக்கும் விமானத்தை 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனா சுமார் 440 கிலோமீட்டர் வரை பார்க்கும், அதற்கப்புறம் பூமியின் வளைவு மறைத்துவிடும். சரி, கம்பத்தை 20 மீட்டர் ஆக்கினால்? கூடுதலாகக் கிடைப்பது ஐந்தாறு கிலோமீட்டர். உயரம் தேவைப்படுவது பக்கத்துக் கட்டடத்தையும் மரத்தையும் தாண்டத்தான். அவற்றைத் தாண்டிவிட்டால் போதும், மேற்கொண்டு ஏறினால் காற்றுக்கும் இடிக்கும்தான் பக்கமாகப் போகிறோம்.

அடுத்தது கேபிள். முதலில் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் போட்டிருந்தேன். இந்த அலைவரிசையில் அது மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டெசிபல் தின்னும் (3 டெசிபல் போனால் சிக்னலில் பாதி போனதாக அர்த்தம்). அதாவது மொத்தம் 9 டெசிபல், மேலே பிடித்ததில் எட்டில் ஒரு பங்குதான் கீழே வந்து சேர்ந்தது. டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளுக்கு மாறியதும் இழப்பு சுமார் 3 டெசிபலாகக் குறைந்தது. அதன் இம்பிடன்ஸ் (அலைக்குக் காட்டும் மின்தடை) 75 ஓம் ஆயிற்றே, டாங்கிளினுடையது 50 ஓம் ஆயிற்றே என்று நானும் பயந்தேன். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை. நிம்மதியாகப் போடலாம்.

ஆன்டெனா விஷயத்தில் நான் கொஞ்சம் ஏமாந்தேன் என்றே சொல்ல வேண்டும். இரண்டாவதாக நானே செய்தது சிலந்தி மாதிரி இருக்கும் கால்-அலை ஆன்டெனா (நடுக்கம்பியின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு): கேபிளைத் திருகி மாட்டும் ஒரு என்-டைப் சாக்கெட், நடுவில் 6.9 சென்டிமீட்டர் செம்புக்கம்பி, சுற்றிலும் 45 டிகிரி கீழே வளைத்த நான்கு கம்பி. அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு ஃபைபர்கிளாஸ் குழாய்க்குள் வரும் நீளமான கோலினியர் (பல ஆன்டெனாத் துண்டுகளை ஒரே நேர்கோட்டில் அடுக்கியது) வாங்கினேன். தொலைவில் இருப்பவை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன, தலைக்கு நேர் மேலே போகிறவை கொஞ்சம் விட்டுப்போயின. கூட்டிக் கழித்தால் பத்து சதவீதம்கூடத் தேறாது. மழை வெயிலைத் தாங்கும் என்பதற்காக மட்டுமே அதை வைத்திருக்கிறேன்.

ஆம்ப்ளிஃபையரை முதலில் டாங்கிளுக்குப் பக்கத்தில், கீழே மாட்டினேன், விமானங்களிலிருந்து வரும் செய்திகளின் எண்ணிக்கையைக் காட்டும் கிராஃப் இன்னும் மோசமானது. கேபிளிலேயே சிக்னல் தேய்ந்து இரைச்சலோடு கலந்த பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதானே பெருகும். ஆன்டெனாவுக்கு அடியிலேயே வைத்து, கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பி, முன்னால் வேண்டாத அலைவரிசைகளைத் தடுக்கும் ஒரு ஃபில்டரும் போட்ட பிறகுதான் அது சரியாக வேலை செய்தது. செல்போன் கோபுரம் பக்கத்தில் இருந்தால் ஃபில்டர் இல்லாமல் ஆம்ப்ளிஃபையர் வாங்காதீர்கள். இன்னொன்று, மாட்டியதும் டாங்கிளின் கெயினை, அதாவது அது சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைக்க வேண்டும். நான் உச்சத்திலேயே, 49.6 டெசிபலிலேயே விட்டுவைத்து, பக்கத்தில் பறக்கும் விமானங்கள் மட்டும் ஏன் விட்டுவிட்டுத் தெரிகின்றன என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அருகில் இருப்பவற்றின் சிக்னல் டாங்கிளைத் திணறடித்திருக்கிறது. மைனஸ் 3 டெசிபலுக்கு மேல் (டாங்கிளின் உச்ச எல்லை பூஜ்யம்) வரும் பலமான செய்திகள் சில சதவீதத்துக்குள் நிற்கும்வரை படிப்படியாக இறக்கினேன், சரியாகிவிட்டது.

இவ்வளவும் முதல் வருடத்திலேயே முடிந்துவிட்டது. மீதி மூன்று வருடமும் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டு.

இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு எண்ணிக்கை மெல்ல இறங்கியது. விநாடிக்கு 800 செய்தி வந்த இடத்தில் 700, அப்புறம் 600. ஒரே நாளில் விழுந்திருந்தால் மேலே ஏறிப் பார்த்திருப்பேன். இது மாதக்கணக்கில் இறங்கியது, நல்ல வெயில் நாளில் பாதி திரும்பவும் செய்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. விமானங்கள் குறைந்திருக்கும் என்றேன், மென்பொருள் அப்டேட்டைத் திட்டினேன், டாங்கிளைக்கூட மாற்றினேன். கடைசியில் 450-க்கு வந்தபோது கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு, கேபிளை உதறினால் சொட்டுத் தண்ணீர். வெட்டிப் பார்த்தபோது கேபிளின் உறைக்குள் இருக்கும் பின்னல் கம்பி மூன்று மீட்டர் தூரம் கறுத்திருந்தது. திரியில் எண்ணெய் ஏறுவது போலப் பின்னலுக்குள் ஈரம் ஏறிப் போயிருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். வீட்டு வயரிங்குக்குச் சுற்றும் சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தேன். வெயிலில் அதன் பசை உருகி வழவழத்துப்போய், தண்ணீரை உள்ளே விடவும் செய்தது, விட்டதை வெளியே போகாமல் பிடித்தும் வைத்தது. இப்போது பயன்படுத்துவது செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் என்கிற ரப்பர் டேப். பசை கிடையாது, நன்றாக இழுத்துச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ரப்பர்த் துண்டாகிவிடும். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும், ஓடு வேய்வது போலத்தான். அதற்கு மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப் ஒரு சுற்று, ஏனென்றால் ரப்பருக்கு வெயில் ஆகாது. புளித்த வாடை அடிக்கும் சிலிக்கானைக் கனெக்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அதில் வரும் அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் முதலில் கீழே தொங்கி ஒரு வளைவு போட்டு, பிறகு மேலே ஏறி நுழைய வேண்டும், அப்போதுதான் வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மூடுவதில் ஆர்வக்கோளாறும் ஆபத்து. கோலினியரின் அடியில் இருந்த சின்ன ஓட்டையைக் குறை என்று நினைத்து அடைத்துவிட்டேன். அது தண்ணீர் வடிய வைத்த ஓட்டை. ஆம்ப்ளிஃபையர் பெட்டியையும் அப்படித்தான் காற்றுப் புகாமல் அடைத்தேன், பகலில் சூடாகி இரவில் குளிரும்போது எங்கிருந்தோ ஈரக்காற்றை இழுத்து உள்ளேயே வியர்த்துக்கொண்டிருந்தது. இப்போது அடியில் சின்னத் துளை, அதில் எறும்பு ஏறாமல் ஒரு வலை.

இடி விஷயத்தில் நேரடியாக விழுந்தால் எதுவும் காப்பாற்றாது, அதை ஏற்றுக்கொண்டே பேசுவோம். என் முதல் ஆம்ப்ளிஃபையர் போனது எங்கேயோ பக்கத்தில் விழுந்த இடியில். அதற்குப் பிறகு கம்பத்துக்குத் தடித்த செம்புக் கம்பியில் எர்த், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (திடீரெனப் பாயும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பும் கருவி). கம்பத்துக்குத் தனியாக ஒரு எர்த் அடித்துவிட்டு வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவது ஆபத்து. இரண்டுக்கும் நடுவே எழும் மின்னழுத்த வித்தியாசம் நம் சாதனம் வழியாகத்தான் பாயும். இந்த வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். அரெஸ்டரிலும் வாயுக்குழாய் வகைதான் வாங்க வேண்டும். கால்-அலை ஸ்டப் வகை (கேபிளிலிருந்து எர்த்துக்கு ஒரு குட்டிக் கடத்தியை நேராக இணைத்தது) நேர்மின்சாரத்தை ஷார்ட் செய்துவிடும், மேலே ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரமே போகாது. வாங்கி மாட்டிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இடி உறுமினால் கேபிளைக் கழற்றியும் விடுகிறேன்.

ராஸ்பெர்ரி பையையும் மேலேயே பெட்டியில் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடைதான், 80 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்து, மெமரி கார்டும் போனது. கீழே இறக்கிவிட்டேன்.

எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்ற எண்ணை இப்போதெல்லாம் நான் பார்ப்பதில்லை. வானிலை ஒத்துழைத்த ஒரு இரவில் 500 கிலோமீட்டரைத் தாண்டியது, மறுநாள் பழைய நிலைதான், அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. கழற்றிப்போட்ட பழைய சிலந்தி ஆன்டெனாவை மாடியின் இன்னொரு மூலையில் நட்டு, தனி டாங்கிளோடு இணைத்திருக்கிறேன். இரண்டிலும் எண்ணிக்கை சேர்ந்து இறங்கினால் வானத்தில் விமானம் குறைவு. ஒன்றில் மட்டும் இறங்கினால் அதில் தண்ணீர், அல்லது சிலந்தியின் மேல் காக்கை உட்கார்ந்து கம்பியை வளைத்திருக்கிறது. போன வாரம்கூட ஏறி நிமிர்த்திவிட்டு வந்தேன்.