புரூக்னர்னா சிம்பொனி மட்டும்தான்னு நினைக்கிறவங்க இந்த சிடியைக் கேளுங்க

19ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் அன்டன் புரூக்னர் பேரைச் சொன்னாலே ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுற சிம்பொனியும் வரிசையா நின்னு முழங்குற பிராஸும்தான் (ஊதுற பித்தளை வாத்தியங்கள்) ஞாபகம் வரும். அந்த நீளத்துக்கு பயந்தே நிறைய பேர் இவர் பக்கம் வர்றதில்ல. அவங்களுக்கு நான் முதல்ல கைகாட்டுறது லார்கிபுடெல்லி குழு வாசிச்ச சேம்பர் மியூசிக் (சில பேர் மட்டும் சேர்ந்து வாசிக்கிற இசை) சிடியைத்தான், 90கள்ல சோனியோட விவார்ட்டே லேபிள்ல வந்தது. வேரா பெத்ஸ் வயலின், அன்னர் பைல்ஸ்மா செல்லோ, எல்லாரும் குடல் நரம்புத் தந்தி (ஸ்டீலுக்குப் பதிலா மிருகக் குடல்ல செஞ்ச பழைய வகை) போட்டுத்தான் வாசிக்கிறாங்க.

சிடியோட உயிர் எஃப் மேஜர் ஸ்ட்ரிங் குவின்டெட். 1878 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1879ல முடிச்சது, அதாவது அஞ்சாவது சிம்பொனிக்கும் ஆறாவதுக்கும் நடுவுல, மனுஷன் முழு பலத்தோட இருந்த நேரம். ரெண்டு வயலின், ரெண்டு வயோலா, ஒரு செல்லோ, அவ்வளவுதான். எழுதச் சொல்லி கேட்டது வியன்னாவுல பெரிய ஆளா இருந்த வயலின்காரர் ஹெல்மெஸ்பெர்கர், ஆனா கையில கிடைச்சதும் ஸ்கெர்ட்ஸோ (துள்ளலான பகுதி) ரொம்ப கஷ்டம்னு சொல்லிட்டாரு, புரூக்னரும் பொறுமையா அதுக்கு பதிலா ஒரு இன்டர்மெட்ஸோ (இடையில வர்ற சின்ன பீஸ்) எழுதிக் குடுத்தாரு, அப்படியும் 1881ல முதல்ல மேடையேத்தினது வேற குழு, அதுவும் ஃபினாலே (கடைசிப் பகுதி) இல்லாம, ஹெல்மெஸ்பெர்கர் குழு வாசிச்சது 1885லதான். ஒதுங்கிப்போன அந்த இன்டர்மெட்ஸோவும் இந்த சிடில இருக்கு. அழகான, நிதானமான பீஸ்தான். ஆனா ஸ்கெர்ட்ஸோவுல இருக்கிற அந்த கோணல்மாணலான துடிப்பு இதுல இல்ல, பக்கத்துல பக்கத்துல கேட்டா உடனே தெரியும்.

இப்ப அடாஜியோ, அதாவது மெதுவான பகுதி. ஜி ஃபிளாட் மேஜர். இதுக்காக மட்டுமே சிடி வாங்கலாம்னு தாராளமா சொல்வேன். புரூக்னர் எழுதின ஸ்லோ மூவ்மென்ட்கள்ல ஏழாவது, எட்டாவது சிம்பொனிகளோட அடாஜியோவுக்குப் பக்கத்துல தயங்காம வைக்கலாம். முதல் தீம் மெதுவா விரிஞ்சு அடங்கினதும் மத்தவங்க ஒரே சுரத்தை துடிப்பா போட்டுக்கிட்டே இருக்க, மேல வயோலா ரெண்டாவது தீமை எடுக்கும் பாருங்க, அங்கதான் குடல் நரம்போட அருமை புரியும். ஸ்டீல் தந்தில வர்ற பளபளப்பு இதுல கிடையாது, சத்தத்துல ஒரு சொரசொரப்பு, ஒரு மூச்சு இருக்கு, வைப்ரேட்டோவை (சுரத்தை லேசா நடுங்க வைக்கிறது) அளவா வெச்சிருக்கிறதால உள்குரல்கள் (நடுவுல ஓடுற வாத்தியங்களோட வரிகள்) எல்லாம் தனித்தனியா கேக்குது. பெரிய ஆர்கெஸ்ட்ராவுல நடுவுல அமுங்கிப் போற ஹார்மனி வேலை இங்க அஞ்சு பேர் கையில அப்படியே வெளிச்சமா தெரியுது. இதை முழு ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தியும் நிறைய பேர் வாசிக்கிறாங்க, கேக்க சுகமாதான் இருக்கு, ஆனா எனக்கு அஞ்சு பேர் போதும்.

ஃபினாலேதான் கொஞ்சம் இடிக்கும். அஞ்சு வாத்தியத்தை வெச்சு ஆர்கெஸ்ட்ராவா ஆகப் பாக்குற மாதிரி சில இடம் வருது, டிரெமோலோ (வில்லை வேகமா முன்னும் பின்னும் இழுக்கிறது) எல்லாம் போட்டு. அது வாசிக்கிறவங்க தப்பில்ல, எழுத்தே அப்படி.

மீதி இருக்கிறது 1862ல எழுதின சி மைனர் குவார்ட்டெட்டும் (நாலு பேருக்கான இசை) ஒரு ரோண்டோவும் (ஒரே தீம் திரும்பத் திரும்ப வர்ற பீஸ்). அப்ப புரூக்னர் லின்ட்ஸ் கதீட்ரல்ல ஆர்கனிஸ்ட், வயசு 40ஐ நெருங்குது, தன்னைவிட 10 வயசு சின்னவரான ஓட்டோ கிட்ஸ்லர் கிட்ட மாணவனா உக்காந்து பாடம் படிச்சிட்டிருந்தாரு. அந்தப் பாடத்துல எழுதின பயிற்சிதான் இந்த குவார்ட்டெட், ரோண்டோவும் அதே பயிற்சியோட தொடர்ச்சி. 1951 வரைக்கும் குவார்ட்டெட்டை யாரும் மேடையில வாசிக்கவே இல்ல. ஹைடன், மென்டல்ஸன் சாயல் நிறைய இருக்கு, பின்னாடி வரப்போற புரூக்னரை இதுல தேடாதீங்க, ஆனா அந்த வயசுல அவ்வளவு பணிவா அடிப்படையைக் கத்துக்கிட்ட ஒருத்தரோட நோட்டுப் புத்தகம்னு நினைச்சு கேட்டா மனசு நெகிழுது.

அரேஞ்மென்ட் (ஒரு இசையை வேற வாத்தியங்களுக்கு மாத்தி எழுதினது) பக்கம் போகணும்னா லினோஸ் என்செம்பிள் வாசிச்ச ஏழாவது சிம்பொனி இருக்கு, கப்ரிச்சியோ லேபிள். 1921ல இசையமைப்பாளர் ஷோன்பெர்க் வியன்னாவுல நடத்தின தனியார் இசைச் சங்கத்துக்காக ஹான்ஸ் ஐஸ்லர், எர்வின் ஸ்டைன், கார்ல் ராங்கல் மூணு பேரும் பங்கு போட்டு செஞ்ச சின்ன வடிவம், ஆனா சங்கமே காசில்லாம நின்னு போனதால அங்க வாசிக்கப்படவே இல்ல. கிளாரினெட், ஹார்ன், ஸ்ட்ரிங் குவார்ட்டெட், டபுள் பாஸ், நாலு கை பியானோ, ஹார்மோனியம். ஸ்கெர்ட்ஸோ பிரமாதமா துள்ளுது. முதல் மூவ்மென்ட்லயும் எந்தக் குரல் எங்க போகுதுன்னு கண்ணால பாக்குற மாதிரி கேக்குது. அடாஜியோதான் எனக்கு முழுசா ஒட்டல, இசையமைப்பாளர் வாக்னர் மறைவோட சேர்ந்த இசை அது, அந்த நாலு வாக்னர் டியூபா (ஹார்ன் மாதிரி ஒரு கனமான பித்தளை வாத்தியம்) சேர்ந்து தர்ற கனத்தை ஒரு ஹார்னும் ஹார்மோனியமும் தாங்க முடியல. ஏழாவதை ஏற்கனவே மனப்பாடமா கேட்டவங்க தாராளமா வாங்கலாம், புதுசா வர்றவங்க முதல்ல குவின்டெட்டோட அடாஜியோ, அப்புறம் ஆர்கெஸ்ட்ராவோட ஏழாவது, அதுக்கு அப்புறம் இதுக்கு வாங்க.