ஃபோல்டிங் கயாக் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள், என் 68,000 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் முட்டுக்காட்டுக் கரையில் உட்கார்ந்து, ஆக்சா பிளேடு வைத்து என் படகின் குழாய்களை நானே அறுத்தேன். வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. 68,000 ரூபாய்! வயிறு எரிகிறது.

வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட். நீளப் படகு வைக்க இடமில்லை, கழற்றிப் பையில் போட்டுப் பரண்மேல் வைக்கலாம் என்றுதான் இதைத் தேடினேன். உள்ளே குழாய்க் கூடு, அதன்மேல் இழுத்துப் போர்த்திய உறை, அதைத்தான் தோல் என்கிறார்கள். கூடு சரியில்லை என்றால் படகே இல்லை.

ஈ.சி.ஆர். பக்கம் நீர் விளையாட்டுச் சாமான் விற்கும் கடை. அந்த ஆள் என் கண்முன்னால் அரை மணி நேரத்தில் ஒரு படகைப் பூட்டிக் காட்டினார். ஒரு குழாயை என் கையில் கொடுத்து, "தூக்கிப் பாருங்கண்ணே, 6061 அலுமினியம், அனோடைஸ் பண்ணது. உப்புத்தண்ணி ஒண்ணும் பண்ணாது" என்றார். கனமே இல்லை. 1956-ல் ஹான்னஸ் லிண்டெமான் என்ற ஜெர்மன் டாக்டர் இந்த மாதிரிப் படகில்தான் அட்லாண்டிக்கைத் தாண்டினார் என்றும் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அவர் ஓட்டிய கிளெப்பர் கம்பெனிப் படகின் கூடு ஆஷ் மரமும் பிர்ச் பிளைவுட்டும் என்று இப்போதுதான் படிக்கிறேன். இவர் சரக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அப்போது கேட்கத் தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே 68,000-த்தையும் யுபிஐ-யில் அனுப்பிவிட்டு, சீல் பிரிக்காத ஒரு பையை டிக்கியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நான் தொட்டுப் பார்த்தது டெமோ படகு. எனக்கு வந்தது வேறு.

ஒவ்வொரு முறை படகு விட்ட பிறகும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். இரண்டாம் முறையே மூட்டு வாயில் வெள்ளைப் பொடி. போன் செய்தால், "உப்புண்ணே, துடைச்சிடுங்க." நேற்று மூன்றாம் முறை. அடிக்குழாய் பிரியவே இல்லை. நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம், எண்ணெய் விட்டோம், சுடுதண்ணீர் ஊற்றினோம். இருட்டிக்கொண்டு வந்தது, முழுப் படகை ஏற்ற வண்டியும் இல்லை. அறுத்தேன். குழாய் அலுமினியம்தான். ஆனால் அதை இணைக்கும் உள் ஸ்லீவ் சில்வர் பெயின்ட் அடித்த இரும்பு! உப்புத் தண்ணீரில் இரும்பும் அலுமினியமும் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்துப் பொரிந்து இறுகிவிடும். அந்தப் பொடி உப்பே இல்லை.

இன்று காலையிலிருந்து அலைகிறேன். கடைக்குப் போன் செய்தால் முதலில் "கழுவலையா சார்?" அப்புறம் "வீடியோ அனுப்புங்க." அனுப்பினால், "அறுத்துட்டீங்களே, இனி வாரண்டி கிடையாது." நேரில் போனால் ஓனர் பாண்டிச்சேரியில் இருக்கிறாராம். கையில் கொண்டுபோன காந்தத்தை டெமோ படகின் மூட்டில் வைத்தேன், ஒட்டவில்லை. என்னுடையதில் கப்பென்று ஒட்டியது. கடைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே வந்ததும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடித்துப் புகார் பதிந்துவிட்டேன்.

விவரமாக எழுத இப்போது மனசில்லை. உங்களுக்குத் தரும் பையையே கடையில் பிரித்துப் பூட்டச் சொல்லுங்கள். காந்தம் கொண்டுபோங்கள், ஸ்லீவின் உள்ளேயும் வையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சில சமயம் ஒட்டாது, எடையையும் பாருங்கள். என்ன உலோகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'கயாக் 1' என்று மட்டும் இருக்கிறது. 68,000 ரூபாய்க்கு!

தோல் நன்றாகத்தான் இருக்கிறது. கிண்டி, அம்பத்தூர் பக்கம் அலுமினிய ஸ்லீவ் அளவெடுத்துக் கடைந்து தரும் லேத் பட்டறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.