சிறிய மோட்டார்ஹோமுக்கு எந்த மின்சாரம், பின்னால் எந்த வண்டி?

தங்கும் வசதியோடு கட்டிய வண்டியான மோட்டார்ஹோமை, அதிலும் சிறியதைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்கிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டு திணறுகிறார்கள். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் வாங்குவதா, லித்தியம் பேட்டரியும் சோலார் பேனலும் பொருத்துவதா என்பது ஒன்று. தங்கும் இடத்திலிருந்து சுற்றுப்புறத்துக்குப் போய்வர, பின்னால் ஒரு காரை இழுத்துக்கொண்டே செல்வதா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னால் கார் வைத்திருப்பவரின் மோட்டார்ஹோம் ஒரே இடத்தில் பல நாள் நிற்கும், எஞ்சின் ஓடாது, அதனோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஒன்றும் வராது. கார் இல்லாதவரோ பால் வாங்கப் போனாலும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறார். அந்த ஓட்டத்தில் பேட்டரி ஓரளவு நிரம்பிவிடுகிறது. வண்டி நிற்குமா, நகருமா என்று தெரியாமல் மின்கருவியின் அளவைக் கணக்கிட முடியாது.

முதலில் தேவையைப் பார்ப்போம். கம்ப்ரஸர் வகைக் குளிர்பெட்டி ஓடும்போது 45 முதல் 60 வாட் வரை எடுக்கும். விட்டு விட்டு ஓடுவதால் நாளொன்றுக்கு அரை யூனிட் அளவில் முடியும். விளக்கு, மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு, கைபேசி, மடிக்கணினி எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை யூனிட் ஆகும். ஆக, அடக்கமாக வாழும் இருவருக்கு நாளுக்கு ஒரு யூனிட், அதாவது 1,000 வாட் மணி போதும். இந்தக் கணக்கைத் தலைகீழாக்குவது ஏசி ஒன்றுதான். கூரையில் பொருத்தும் 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி 1,300 முதல் 1,500 வாட் வரை எடுத்துக்கொள்வதால், அதன் கம்ப்ரஸர் மூன்று மணி நேரம் ஓடினாலே நான்கு யூனிட் செலவாகிவிடும். எனவே வெளி மின்இணைப்பு இல்லாத இடத்தில் ஏசி வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு முதலில் நேர்மையான பதில் தேவை.

ஏசி வேண்டாம் என்பவருக்கு லித்தியம் பேட்டரிக்கு நிகராக இன்று வேறொன்றும் இல்லை. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி கொண்ட ஏஜிஎம் எனப்படும், அமிலம் சிந்தாத வகை ஈய அமில பேட்டரி ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ளது. ஆயுள் குறையாமல் இருக்க வேண்டுமானால் அதில் பாதியை மட்டுமே பயன்படுத்தலாம். அதே கொள்ளளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 11 முதல் 13 கிலோ வரைதான் இருக்கும். அதன் 1,280 வாட் மணியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். எடையையும் ஆயுளையும் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. ஈய அமில பேட்டரி எண்பது விழுக்காட்டைத் தாண்டியதும் மின்னோட்டத்தை மெல்ல மெல்லத்தான் ஏற்கும். மீதி இருபது விழுக்காடு நிரம்பப் பல மணி நேரம் ஆகும். மாலை வெயில் சாய்வதற்குள் அது முழுமையாக நிரம்புவதே இல்லை. அரைகுறையாகவே கிடந்து தகடுகளில் சல்பேட் படிந்து கெடுகிறது. லித்தியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பாதி நிரம்பிய நிலையில் கிடப்பது அதற்கு நல்லதும்கூட. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவே கூடாது; செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து பேட்டரி நிரந்தரமாகப் பழுதாகும். பனிப் பகுதிகளுக்குச் செல்கிறவர் அதை வண்டியின் உட்புறத்தில் வைக்க வேண்டும், அல்லது வெப்பமூட்டி உள்ளடங்கிய வகையை வாங்க வேண்டும்.

பேட்டரி என்பது தொட்டிதான். அதை நிரப்புவது எது என்பதில்தான் கார் இருப்பவரும் இல்லாதவரும் பிரிகிறார்கள். வேன் அளவிலான வண்டியின் கூரையில், காற்றுப்போக்கியும் ஏசியும் போக, 300 முதல் 400 வாட் வரையிலான பேனல்களுக்கே இடம் இருக்கும். கிடைமட்டமாகப் பதித்த 300 வாட் பேனல் நல்ல கோடை நாளில் ஒரு யூனிட்டும் அதற்குச் சற்று மேலும் தரும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய பகுதிகளின் குளிர்காலத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது. மரநிழலில் நிறுத்தினால் அதுவும் இல்லை. ஓட்டத்தின்போது சார்ஜ் செய்ய, ஆல்டர்னேட்டருக்கும் வண்டியின் வசிப்புப் பகுதிக்கான பேட்டரிக்கும் இடையே, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று கட்டாயம் வேண்டும். லித்தியத்தை நேரடியாக இணைத்தால் அது அளவற்று மின்னோட்டத்தை இழுத்து, குறிப்பாக எஞ்சின் மெதுவாக ஓடும் வேளையில், ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். மேலும், எரிபொருளை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் புதிய வண்டிகளில் நேரடி இணைப்பால் பேட்டரி நிரம்புவதும் இல்லை. 30 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 400 வாட் மணி அளவில் தரும். இரண்டரை மணி நேரம் ஓட்டினால் ஒரு நாள் தேவை முடிந்துவிடும். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் நகர்கிறவருக்கு இதுவே போதும். பேனல் துணைக்கு இருந்தால் மழைக்காலத்துக்கும் கவலை இல்லை.

ஜெனரேட்டரின் வலிமை எங்கே இருக்கிறது என்பதை எண்களே சொல்லும். பலரும் வாங்கும் ஹோண்டா EU2200i ஜெனரேட்டர் தொடர்ந்து 1,800 வாட் தரும், எடை 21 கிலோவைச் சற்றுத் தாண்டும், தொட்டி 3.6 லிட்டர் கொள்ளும். முழுச் சுமையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலும், கால் சுமையில் எட்டு மணி நேரமும் அது ஓடும். இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், முழுச் சுமையில் ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து 1.6 யூனிட்டும், கால் சுமையில் ஒரு யூனிட் மட்டுமே கிடைப்பதும் தெரியும். குளிர்பெட்டிக்காகவும் நான்கு விளக்குகளுக்காகவும் அதை நாளெல்லாம் ஓடவிடுவது எரிபொருளையும் அண்டை அயலாரின் அமைதியையும் வீணாக்குவதே. ஏசிக்கு நிலைமை வேறு. ஐந்து மணி நேர ஏசிக்கு ஆறேழு யூனிட் தேவை. அதற்கு 500 ஆம்பியர் மணிக்கு மேற்பட்ட லித்தியம் வேண்டும். அதை மறுநாள் நிரப்பும் அளவுக்குச் சிறிய வண்டியின் கூரையில் பேனல் வைக்கவே முடியாது. அங்கே நான்கு லிட்டர் பெட்ரோலே வெல்கிறது. ஆனாலும் 1,800 வாட் ஜெனரேட்டர் 13,500 பிடியூ ஏசியைத் தொடங்கும் கணத்தில் தடுமாறும். தொடக்க மின்னோட்டத்தைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றை ஏசியில் பொருத்திவிட்டால் சமாளிக்கும். மலை ஏறினால், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் பத்து விழுக்காடு அளவில் திறன் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜெனரேட்டரின் புகையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவரை எழுப்பாமலே கொல்லும். கையடக்க ஜெனரேட்டரை வண்டியிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் எதிர்த்திசை பார்க்கும்படி வைக்க வேண்டும். வேலை செய்யும் நிலையிலுள்ள எச்சரிக்கைக் கருவி வண்டிக்குள் இருக்க வேண்டும். இதற்கு இடம் இல்லாத தங்குமிடத்தில் ஜெனரேட்டரைத் தொடாமலிருப்பதே சரி.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் அடங்கிய, கையில் தூக்கிச் செல்லும் பவர் ஸ்டேஷன்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வயரிங் வேலை தெரியாதவருக்கும், வாடகை வண்டிக்கும் அவை நன்று. வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து 100 வாட் அளவில்தான் பெரும்பாலும் நிரம்பும் என்பதால், நீண்ட பயணத்துக்கு நிலையாகப் பொருத்திய அமைப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இனி பின்னால் வரும் வண்டி. காரை இணைத்து இழுக்கும் கொக்கியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி முடிவெடுப்பது பரவலாகக் காணும் பிழை. பார்க்க வேண்டியவை இரண்டு: மோட்டார்ஹோம் தனியாக எவ்வளவு எடை இருக்கலாம் என்ற வரம்பு, அதுவும் இழுபடும் வண்டியும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பு. வட அமெரிக்காவில் விற்கப்படும் இரட்டைப் பின்சக்கர மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் 3500 அடித்தளத்தில் முதல் வரம்பு 11,030 பவுண்டு, இரண்டாவது 15,250 பவுண்டு. கொக்கி 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ தாங்கும் என்றாலும், வண்டி முழுச் சுமையில் இருக்கும்போது இழுக்கக்கூடியது 4,220 பவுண்டு, சுமார் 1,914 கிலோ மட்டுமே. ராம் புரோமாஸ்டர் 3500 மீது கட்டிய வேன்களில் அந்த எண்கள் 9,350, 11,500. வித்தியாசம் 975 கிலோதான். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை இதைவிட எடை கூடியவை. கொக்கியில் 3,500 பவுண்டு என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரிவதே இல்லை.

எடை ஒத்துவந்தால், இழுக்கும் முறை அடுத்தது. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுப்பது எல்லாவற்றிலும் எளிது. சேர்க்கவும் கழற்றவும் சில நிமிடங்கள் போதும். தங்குமிடத்தில் தனியாக நிறுத்த வேறெதுவும் இருக்காது. ஆனால் எல்லாக் கார்களும் இதற்கு ஏற்றவை அல்ல. பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெயைச் சுழற்றும் பம்பை எஞ்சினே இயக்குகிறது. எஞ்சின் நின்றிருக்க, சக்கரங்கள் மட்டும் சுழன்றால் உள்ளிருக்கும் பாகங்கள் எண்ணெய் இல்லாமல் தேய்ந்துபோகும். ஹோண்டா சிஆர்வி 2014 மாடல் வரை இப்படி இழுக்கத் தக்கதாக இருந்தது. 2015இல் சிவிடி எனப்படும், படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தபின் அந்த வாய்ப்பு போய்விட்டது. முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைக்க முடிகிற ஜீப் ராங்ளர் இதற்குப் பெயர்பெற்றது. ஆனால் அதன் இரண்டு கதவு வடிவமே 1,800 கிலோவை ஒட்டி வருவதால், ஸ்பிரிண்டரின் வரம்பில் மிச்சம் அதிகம் இராது. முந்தைய தலைமுறைப் பெட்ரோல் ஸ்மார்ட் ஃபோர்டூ 820 கிலோ அளவுதான். புரோமாஸ்டருக்குக்கூட ஒத்துவரும் மிகச் சில கார்களில் அது ஒன்று. எந்தக் காராக இருந்தாலும் அந்த ஆண்டின் ஓட்டுநர் கையேடு அனுமதிக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். சில நாடுகளில் இம்முறைக்குச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால் அதையும் விசாரிப்பது அவசியம்.

முன்சக்கரங்களை மட்டும் ஏற்றிச் செல்லும் டோலி, முன்சக்கர இயக்கமுள்ள ஏறக்குறைய எந்தக் காருக்கும் பொருந்தும். எனினும் அதன் சொந்த எடை 200 கிலோவுக்கு மேல். ஒவ்வொரு முறையும் டயர்களைப் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். தங்குமிடத்தில் அதற்கு இடம் தேட வேண்டும். முழு டிரெய்லரில் எந்தக் காரையும் ஏற்றலாம், பின்னோக்கியும் ஓட்டலாம். மற்ற இரண்டிலும் பின்னோக்கிச் செல்வது இயலாத காரியம். ஆனால் டிரெய்லரே அரை டன்னைத் தாண்டிவிடும். கொக்கியின் மேல் அழுத்தும் எடை மொத்தத்தில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை இருக்க வேண்டும். சிறிய மோட்டார்ஹோமுக்கு இது பெரும் பாரம். என் தரவரிசையில் தரையில் உருளும் முறை முதலாவது, டோலி இரண்டாவது, டிரெய்லர் கணக்கிலேயே இல்லை.

நான்கு சக்கர முறையில் காரின் பிரேக்கை மிதிக்கும் துணைக்கருவியையும், இணைப்பு அறுந்தால் காரைத் தானே நிறுத்தும் சுவிட்சையும் வாங்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, மோட்டார்ஹோமின் பிரேக் தன் எடைக்காகச் செய்யப்பட்டது. இந்தத் துணைக்கருவியும், சாவியைத் திறந்த நிலையில் வைக்க வேண்டிய காரின் மின்சுற்றும் சில மணி நேரத்தில் காரின் பேட்டரியைக் காலி செய்துவிடும். எனவே மோட்டார்ஹோமிலிருந்து காருக்கு ஒரு சார்ஜ் கம்பியும் போக வேண்டும்.

காருக்கு மாற்றாகப் பின்புறத் தாங்கியில் ஸ்கூட்டரை ஏற்றுவது மலிவானதாகத் தோன்றும். ஸ்கூட்டரும் தாங்கியும் சேர்ந்து 150 கிலோ, அது பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி, அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின் அச்சில் கூடுவது 225 கிலோ. முன் அச்சிலிருந்து 75 கிலோ குறைந்துவிடும். முன்சக்கர இயக்கமுள்ள வேனில் ஈர ஏற்றத்தில் சக்கரம் வழுக்க இதுவே காரணமாகலாம். தண்ணீரும் எரிபொருளும் நிரம்பி, ஆட்கள் அமர்ந்த நிலையில் ஒவ்வொரு அச்சையும் எடைமேடையில் தனித்தனியே எடைபோட்ட பிறகுதான் தாங்கியை வாங்கலாம். இருவருக்கு இரண்டு மடக்கு மிதிவண்டிகள் போதுமானால் அவற்றையே நான் சொல்வேன்.

புரோமாஸ்டர் அளவிலான வேனுக்கு என் தேர்வு, பின்னால் ஒன்றும் இல்லாமல், 200 ஆம்பியர் மணி லித்தியம், 50 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், 200 வாட் பேனல், ஜெனரேட்டர் வேண்டாம். ஸ்பிரிண்டர் அளவிலான வண்டியானால், இலேசான கார் ஒன்றைத் தரையில் உருள இழுத்து, வண்டி நிற்கும் நாள்களுக்காகப் பேனலை 400 வாட்டாகவும் பேட்டரியை 300 ஆம்பியர் மணியாகவும் கூட்டுவேன். ஏசி வேண்டும் என்பவர் மட்டும் அதனுடன் ஒரு சிறு ஜெனரேட்டரையும் சாஃப்ட் ஸ்டார்ட்டரையும் சேர்த்துக்கொள்ளட்டும். எதுவானாலும், காருக்கான சார்ஜ் கம்பியையும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த கம்பியையும் உட்புறப் பலகைகளை மூடுவதற்கு முன்பே ஒரே தடத்தில் இழுத்துவைத்துவிட வேண்டும். இன்வெர்ட்டரை அதன் பிறகு, பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் பொருத்தலாம்.