போர் நினைவிடமும் புகைப்படப் போட்டியும்: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

விக்கிப்பீடியா ஆர்வலர்கள் நடத்தும் பாரம்பரியச் சின்னப் புகைப்படப் போட்டியான விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸுக்குப் போர் நினைவிடத்தைப் படம் எடுப்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அந்த இடம் பாரம்பரியச் சின்னங்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் இருக்கிறதா? விற்கிறவர் உட்பட யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அந்தப் படத்தைத் திறந்த உரிமத்தில் விட முடியுமா? முதலாவது சரியாக இருந்தால் இரண்டாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

கண்ணுக்கு அழகு என்று பார்த்தால் என் ஓட்டு வாஷிங்டனின் கொரியப் போர் நினைவிடத்துக்குத்தான். மழைக்கோட்டு போர்த்தி, புதர்களுக்கு நடுவே நடந்து வரும் 19 எஃகு வீரர்கள். 1995இல் திறக்கப்பட்ட இது அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசியப் பதிவேட்டிலும் இருக்கிறது. ஆனால் படைத்தவரின் அனுமதி இல்லாமல் படம் எடுத்துப் பயன்படுத்த, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் கட்டடங்களுக்குத்தான் விலக்கு தருகிறது, சிலைகளுக்கு இல்லை. முன்னாள் மரைன் வீரர் ஒருவர் பனிப்பொழிவில் எடுத்த படத்தை, 2003இல் அஞ்சல் துறை 37 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது. படம் எடுத்தவருக்கு 1,500 டாலர் கொடுத்தார்கள். சிற்பி ஃபிராங்க் கேலார்டிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். பனி மூடியதால் படத்துக்கு வேறு தன்மை வந்துவிட்டது என்ற வாதத்தைக் கீழ் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது: பனி பெய்தது இயற்கையின் வேலை, அதற்காகச் சிற்பியின் உரிமை போய்விடாது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது சுமார் 6,85,000 டாலர்.

டெல்லியின் தேசியப் போர் நினைவிடத்தில் சிக்கல் நேர் எதிர். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படம் எடுக்க 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் 21 மார்பளவுச் சிலைகளையும் தாராளமாக எடுக்கலாம். ஆனால் நினைவிடம் திறந்தது 2019இல். மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் சேர ஒரு சின்னத்துக்கு 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

பிரான்ஸ் இன்னும் கஷ்டம். 2016இல் வந்த விலக்கு, தனிநபர் லாபநோக்கமின்றிப் பயன்படுத்துவதற்கு மட்டும். உல்ஷி-லெ-ஷாத்தோவில் இருக்கும் 1935ஆம் ஆண்டு நினைவுச் சிற்பத்தைச் செய்த பால் லாண்டோவ்ஸ்கி 1961இல் இறந்தார். அதற்கப்புறம் 70 ஆண்டுகள், அதாவது 2031 முடியும்வரை, காத்திருக்க வேண்டியதுதான்.

லண்டனின் போர் நினைவுச் சின்னமான செனோடாஃபில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. முதல் தரப் பாரம்பரியச் சின்னம். வடிவமைத்த லட்யென்ஸ் 1944இல் காலமானார். பொது இடச் சிலைகளுக்கும் பிரிட்டிஷ் சட்டத்தில் விலக்கு உண்டு. ஒரே தலைவலி, அது நடுரோட்டில் நிற்கிறது. வண்டி குறையும் அதிகாலையில் போங்கள்.

வாஷிங்டனில் இருப்பவர்களுக்கு, கொரிய நினைவிடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் 1931ஆம் ஆண்டின் டி.சி. போர் நினைவு மண்டபம் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த 499 உள்ளூர்க்காரர்களின் பெயர் பொறித்த வெள்ளைப் பளிங்கு மண்டபம், கூட்டமும் குறைவு. கட்டடம் என்பதால் உரிமைச் சிக்கலும் இல்லை. எஃகு வீரர்களைத்தான் எடுப்பேன் என்றால், திறந்த உரிமம் கேட்காத வேறு போட்டியைத் தேடுங்கள். அங்கேயும் உங்கள் படத்தைக் காலண்டரில் போட்டு விற்கும் உரிமையை ஏற்பாட்டாளர்கள் கேட்கிறார்களா என்று விதிகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.